பின்சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ

சர்ரென்று ஒரு பின்சக்கரம் ரோட்டோரச் சரளையில் இழுபட்டது. அதன் பிறகு டிபன் கேரியரின் மூடி ஒன்று தனியாகச் சுழன்று, சுழன்று, அடங்க மனமில்லாமல் அடங்கியது. கல்யாணமான புதிதில் என் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நான் கேட்ட சத்தம் அது. குறுக்கே வந்த ஒரு கோழிக்காக அவர் பின் பிரேக்கை மட்டும் ஏறி மிதித்தார். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு முட்டியில் சிராய்ப்பு. சாம்பார் பிழைக்கவில்லை. அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அந்த மூடி மட்டும் இன்னும் எங்கோ சுழன்றுகொண்டிருக்கிறது.

பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் தைரியம் இரண்டாவது; முதலில் வேண்டியது காது. டயர் கத்தினால் தப்பு. ஓட்டுகிறவர் கத்தினால் பயம். இரண்டும் சேர்ந்து கத்தினால் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

இந்த வேலை எனக்கு அறுபத்துமூன்றாவது வயதில் கிடைத்தது. மகன் ஒரகடத்தில் ஃபிளாட் வாங்கி என்னைக் குடிவைத்த எட்டாவது மாதம் அவனுக்கு புனேவுக்கு மாற்றல் வந்தது. ஃபிளாட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதால் நான் அதற்குத் துணையாகத் தங்கிவிட்டேன். எதிர்ச்சாரியில், சிக்கன் ரைஸ் கடைக்கு மாடியில், ஜோதி என்ற பெண் இருசக்கர வாகனப் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தாள். படிவம் நிரப்ப ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. நான் பி.ஏ. தமிழ். போய் நிரப்பினேன். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்.

பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லவே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வீங்கிய என் இனத்தாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முன்சீட்டுக்காரர்களுக்கு இது வெறும் வேடிக்கை.

மணல் மூட்டை ஓய்வு பெற்றது

ஜோதிக்கு முப்பத்தைந்து வயது. மணிமங்கலத்துக்காரி. ஒரு தொழிற்சாலையில், லைனிலிருந்து இறங்கும் புது பைக்குகளை ஓட்டிப் பார்க்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தவள். அவளுடைய பாடம் மொத்தமே நாலு வரி. ஆக்ஸிலேட்டரை விடு. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடி. பிடுங்காதே, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்து. வளைவுக்குள் போன பிறகு பிடிக்காதே, வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து முடி. இந்த நாலு வரிக்கு எதற்கு இத்தனை நாள் வகுப்பு என்று முதல் நாள் எல்லோரும் கேட்பார்கள். இரண்டாம் நாள் யாரும் கேட்க மாட்டார்கள்.

பின்னால் ஆள் ஏறினால் வண்டி நிற்க இன்னும் கொஞ்சம் தூரம் கேட்கும். அதைப் பழக்க ஜோதி பின்சீட்டில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி அனுப்புவாள். அந்த மூட்டை ஒரே மாதத்தில் மூன்று முறை கீழே விழுந்து ஒருமுறை வெடித்தது. ஓட்டியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், நான் ஏறட்டுமா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஜோதி என்னைக் கையோடு கீழே கூட்டிப்போய், பக்கத்துக் கறிக்கடையில் கோழிக் கூண்டை நிறுக்கும் தராசில் ஏற்றினாள். ஐம்பத்தெட்டு கிலோ. கடைக்காரர் பழக்க தோஷத்தில் தோல் உரிக்கணுமா என்று கேட்டார்.

மூட்டை ஐம்பது கிலோ, நான் எட்டு கிலோ அதிகம், இது பரவாயில்லையா என்று ஜோதியிடம் கேட்டேன். அவள் எனக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: “மூட்டைக்கு வாயி இல்ல டீச்சரம்மா. உங்களுக்கு கீது. ஒவ்வொரு தபாவும் ‘ஐயோ’ன்னு கத்துங்க, அதுக்குத்தான் சம்பளம்.”

இழுத்தால் ஓடுகிறது

தாட்சாயணி வந்தபோது அவள் கையில் கம்பெனி சுற்றறிக்கை ஒன்று நாலாக மடிந்து இருந்தது. முப்பத்தெட்டு வயது. மணிமங்கலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். கார்களுக்கு ஹெட்லைட் பூட்டும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் லைனில் நின்று, இந்த வருடம்தான் லைன் லீடர் ஆகி மஞ்சள் தொப்பி வாங்கியிருந்தாள். “இன்னும் நாப்பது நாள்தான் டீச்சர். அப்புறம் கம்பெனி பஸ்ஸு எங்க ஊருக்குள்ள வராதாம். ஏ ஷிஃப்டு ஆறு மணிக்கு. எங்க வூட்டுக்காரருக்கு நைட் டூட்டி, அவரு ஏழு மணிக்குத்தான் வருவாரு. நானே ஓட்டிக்கினு போனா வேல. இல்லாங்காட்டி தொப்பியக் கழட்டிக் குடுத்துட்டு வூட்டுல குந்த வேண்டியதுதான்.” பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., அன்றைக்கே போட்டோம்.

கியர் மாற்றுவது அவளுக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. நிறுத்துவதுதான் வரவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு மாட்டு வண்டி ஓட்டியவள். நாங்கள் பழகும் இடம் வீடே இல்லாத ஒரு மனைப்பிரிவு. தார் ரோடு, நம்பர் கல், தெருப் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு, குடியிருக்க ஆடுகள் மட்டும் வரும். அப்படி ஓர் ஆடு பாரதிதாசன் தெருவில் குறுக்கே வந்தது. தாட்சாயணி “ஓ... ஓ... ஓய்!” என்று கூவிக்கொண்டு இரண்டு கையையும் நெஞ்சை நோக்கி இழுத்தாள். மாட்டு வண்டியாக இருந்தால் மூக்கணாங்கயிறு இறுகி நின்றிருக்கும். இதில் வலது கையோடு ஆக்ஸிலேட்டரும் திருகிக்கொண்டது. எவ்வளவு வேகம் போனதோ அவ்வளவுக்கு இழுத்தாள். எவ்வளவு இழுத்தாளோ அவ்வளவுக்கு வேகம் போனது. ஆடு புத்திசாலி, ஒதுங்கிக்கொண்டது. நாங்கள் மூன்று தெருவைக் கடந்து, யாரோ கொட்டி வைத்திருந்த எம்-சாண்ட் மணல் குவியலில் முழங்கால் வரை புதைந்து நின்றோம். நான் அன்றைக்குக் கத்தியதற்கு ஓவர்டைம் தந்திருக்க வேண்டும்.

தாட்சாயணி முதலில் என்னைத் தட்டிவிட்டு, பிறகு தன்னைத் தட்டிக்கொண்டு, கடைசியில் வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். “எங்க மாடுங்க எவ்ளவோ மேல டீச்சர். இழுத்தா நிக்கும். இது இன்னா, இழுத்தா ஓடுது?”

குலதெய்வத்தின் கயிறு

அதே வகுப்பில் இசக்கிமுத்து என்று ஒருவன். நாங்குநேரிப் பக்கத்துக்காரன். இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஒரு வாடகை அறை, ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை. புது பைக்கை ஊரில் எடுத்து, குலதெய்வக் கோவிலில் பூஜை போட்டு, ரயிலில் ஏற்றி அனுப்பி வரவழைத்திருந்தான். அவன் வண்டியில் முன் பிரேக் லிவரும் கைப்பிடியும் ஒன்றாக மஞ்சள் கயிற்றால் இறுகச் சுற்றப்பட்டிருந்தன, நடுவில் வேப்பிலை. அம்மா கட்டியது. ஒரு மண்டலம் அவிழ்க்கக் கூடாது. இன்னும் முப்பத்தொரு நாள் பாக்கி. அவனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய் என்று அறையில் இருந்த ஐந்து பேரும் அவனுக்கு ஓதியிருந்தார்கள்.

ஜோதி வாதம் செய்யவில்லை. ரோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கோடு வந்ததும் பின் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்தச் சொன்னாள். டயர் அலறிக்கொண்டே போய் அவன் நின்ற இடத்தில் என் குடையை வைத்தோம். பிறகு பயிற்சிப் பள்ளியின் பைக்கில் அதே வேகத்தில் அவளே வந்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி நின்றாள். அங்கே என் செருப்பை வைத்தோம். குடைக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ்ஸை நிறுத்தலாம். இசக்கிமுத்து இரண்டு முறை நடந்து அளந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது. “செரிதாம்க்கா. ஆனா சாமி காரியம்லா?” என்றான்.

நான்தான் அவன் அம்மாவுக்கு ஃபோன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டான். கோடு, குடை, செருப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அந்தப் பக்கமிருந்து சாமியாடும் குரலில் வந்தது: “ஏல மூதி, கயிறு கட்டுனது ஒனக்குக் காவலுக்கால, பிரேக்குக்குக் காவலுக்கால? அத அவுத்து ஒங் கையில கட்டிக்கிட்டு வண்டிய ஒழுங்கா நிப்பாட்டுல!”

நடுவில் ஒன்று

ஜோதி தாட்சாயணியின் கையை இரண்டு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், “அக்கா, நீ இழுக்கறத நிறுத்தவே வேணாம். ஆனா எப்பவும் ரெண்டு வெரல முன் பிரேக் லிவர் மேல வெச்சிக்கினே ஓட்டு. பயந்து இழுத்தியானா, ஆக்ஸிலேட்டருக்கு முன்னாடி பிரேக்கு வந்துரும்.” எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. ஒருவருடைய பயத்தை எடுக்க முடியாது. அது போகும் வழியில் ஒரு பிரேக்கை வைக்கலாம்.

கண்டுபிடிப்பின் பலனை அனுபவித்தது என் நெற்றி. தாட்சாயணி இழுத்தாள், வண்டி சுவரில் முட்டியதுபோல் நின்றது, என் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் போய் ‘டங்’கென்றது. ஒரு காலை வேளையில் பதினாலு டங் எண்ணினேன். கோவில் மணியாக இருந்தால் ஊருக்குப் புண்ணியம். ‘ஐயோ’ சொல்லக்கூட நேரமில்லை, ‘ஐ’யோடு நின்றுவிடும். நாலாவது நாள் ரோட்டில் கொஞ்சம் மணல் கிடந்தது. அதன் மேல் அப்படியே பிடுங்கினாள். முன்சக்கரம் வழுக்கி, மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு பேரும் படுக்கப் போவதுபோல் பக்கவாட்டில் சாய்ந்தோம். அடி ஒன்றுமில்லை. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

ரோட்டிலேயே உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். பதினெட்டு நாள்தான் பாக்கி. அழுகையை அடக்கிக்கொண்டு என்னைக் கேட்டாள், நான் பதில் வைத்திருப்பதுபோல. “பிடிக்கலன்னா போயி மோதறேன். பிடிச்சா கீழ வுழறேன். நடுவுல ஒண்ணு இருக்குமில்ல டீச்சர், அது எங்க கீது?”

ஸ்லைடில் ஆடாதது

ஒருநாள் ஒரு பெரிய மனிதர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே வந்தார். ஏதோ ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். மாதம் இரண்டு முறை தொழிலாளர்களுக்கு பிரேக் பிடிக்கும் முறை பற்றி அவர்தான் வகுப்பு எடுக்கிறார், எண்பது ஸ்லைடு. அவருக்குச் சொந்தமாக வண்டி ஓட்டத் தெரியாது. மனைவியின் பிறந்தநாளுக்கு அவளைப் பின்னால் வைத்து ஓட்டவேண்டும் என்று ஏ.பி.எஸ். வைத்த கனமான பைக் ஒன்று வாங்கிவிட்டார். இந்த விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று ஜோதியிடமும் என்னிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினார். ஆகவே பெயர் சொல்ல மாட்டேன்.

ஏ.பி.எஸ். இருந்தால், அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அதுவே விட்டுவிட்டுப் பிடிக்கும். அப்போது லிவர் விரலுக்கடியில் துடிக்கும். துடித்தாலும் விடக் கூடாது. இதை அவர் இருபத்தேழாவது ஸ்லைடில் எழுதியிருக்கிறாராம். எழுதியவர், முதல் துடிப்பிலேயே சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் கையை எடுத்துவிட்டார். வண்டி தன்பாட்டுக்குப் போய், வள்ளுவர் தெருப் பெயர்ப்பலகையை முட்டிக்கொண்டு நின்றது. ‘வள்’ மட்டும் மிச்சம். என்ன சார், இருபத்தேழாவது ஸ்லைடு என்று மெல்லக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: “மேடம், ஸ்லைடுல அது ஆடாது.”

இரண்டு ஊர் இடைவெளி

பிரேக்கில் பாதி வேலை, பிடிக்க இடம் வைத்துக்கொள்வது. இங்கே சாலையில் உங்களுக்கு முன்னால் போவது பெரும்பாலும் கன்டெய்னர் லாரி, இல்லையென்றால் பத்துக் கார்களைச் சுமந்துகொண்டு போகும் இன்னொரு லாரி. முன்னால் போகும் லாரி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். இரண்டு விநாடி கழித்துத்தான் நாம் அந்தக் கம்பத்துக்கு வரவேண்டும். மழையென்றால் இரண்டு மடங்கு. ஆனால் பயந்தவர்கள் ‘ஒன்று, இரண்டு’ என்பதை ஒரே மூச்சில் விழுங்கிவிடுவார்கள். அதனால் இரண்டு நீளமான சொல்லாக, அவரவர் நாக்குக்குப் பழகியதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஜோதி கீழ்க்கடையின் மணத்தில் வளர்கிறவள்: “சிக்கன் ஃபிரைடு ரைஸ், முட்டை நூடுல்ஸ்.” இசக்கிமுத்து தன் ஊருக்குப் போகும் பஸ் தடத்தை எடுத்துக்கொண்டான்: “திருநெல்வேலீ... நாங்குநேரீ...” நிதானமாகச் சொன்னால் கச்சிதமாக இரண்டு விநாடி. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்.

லைசென்ஸ் வாங்கிய பிறகு ஒரு மாலை அவன் வண்டிக்குப் பின்னால் ஜோதியும் நானும் அவளுடைய ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. அவன் ஒரு கன்டெய்னரின் முதுகை முகர்ந்துகொண்டு போகிறான். டீக்கடை ஓரத்தில் மடக்கி ஜோதி கத்தினாள்: “தம்பி, எண்ணுனியா இல்லியா?” எண்ணினேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். எங்கே, எங்கள் முன்னால் எண்ணு என்றேன். திருநெல்வேலிநாங்குநேரி என்று ஒரே சொல்லாக வந்தது. அவனே திடுக்கிட்டு நின்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “லீவு கெடச்சிட்டும்மா. ஊருக்குப் போவும்போது எல்லா ஊரும் வெரசா வந்துருதுல்லா.”

அமுக்குதல்

தாட்சாயணியின் கதைக்குத் திரும்புகிறேன். அந்த மணலில் விழுந்த பிறகு அவள் இரண்டு நாள் வரவில்லை. ஜோதி வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். எனக்கு அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமலும் அவளே என் ஃபிளாட் கதவைத் தட்டினாள். புடவையில் பால் வாசனை. மாடு உதைத்ததில் முழங்காலில் ஒரு நீலம். “கோவத்துல மடியப் புடுங்கிட்டேன் டீச்சர், ஒரே ஒதை. அப்பத்தான் தோணுச்சு. நான் எந்த மாட்டுக்காவது மடியப் புடுங்கி இருக்கேனா? மேல் வெரல்லேந்து ஒண்ணொண்ணா அமுக்கணும். மொதல்ல மெத்துனு, அப்புறம் அழுத்தமா. இந்தக் கைக்கு அது தெரியுமே, இத்தினி நாளு ஏன் சொல்லல?”

மனைப்பிரிவுக்குப் போனதும், நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, லிவரை இருபது முப்பது தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு என்னை ஏறச் சொன்னாள். நான் நெற்றியைத் தயாராகச் சாய்த்து வைத்துக்கொண்டேன். கோடு வந்தது. ஆக்ஸிலேட்டர் அடங்கியது. வலது கையும் வலது காலும் ஒன்றாக அழுத்த, வண்டியின் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்து, மூச்சு விடுவதுபோல் ஒரு ஓசை எழுப்பி, நின்றது. கடைசி நொடியில் கிளட்ச், பிறகு இடது கால் தரையில். டங் இல்லை. எங்கள் இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவில் காற்று போனது.

பழக்கத்தில் நான் “ஐயோ” என்று முழுதாகக் கத்தினேன். ஓரத்தில் நின்ற ஜோதி கையை நீட்டி எச்சரித்தாள்: “டீச்சரம்மா, இதுக்கெல்லாம் கத்துனா சம்பளம் கெடையாது!”

குடியிருக்க ஏற்ற இடம்

நாங்கள் பழகும் மனைப்பிரிவுக்கு ஒரு புரோக்கர் உண்டு. வெள்ளைச் சட்டை, சந்தனம், இரண்டு ஃபோன். இடத்தை எங்களுக்குச் சும்மாதான் விட்டிருந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. மனை பார்க்க ஆட்கள் வரும்போது நாங்கள் அங்கே குடியிருப்பவர்கள் மாதிரி நடமாட வேண்டும். அவர் ஃபோன் செய்தால் ஜோதி ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள்; நான் கம்பர் தெருவில், இல்லாத என் வீட்டுக்கு முன்னால் நின்று வானத்தைப் பார்ப்பேன். குடிதண்ணீர் நல்லா இருக்கா பாட்டி என்று ஒருவர் கேட்டதற்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன்.

தாட்சாயணிக்கு மறுநாள் டெஸ்ட். பஸ் நிற்க இன்னும் மூன்று நாள். கடைசியாக ஒரு சுற்று என்று என்னை ஏற்றிக்கொண்டு நடு ரோட்டில் நல்ல வேகத்தில் வந்தாள். அன்றைக்குப் புரோக்கர் ஃபோன் செய்ய மறந்துவிட்டார். நுழைவு வளைவுக்குப் பக்கத்துச் சுவரின் மறைவிலிருந்து அவருடைய கார், ஒரு குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு, எங்கள் ரோட்டில் அப்படியே திரும்பியது. இது பயிற்சி இல்லை. கோடு இல்லை, குடை இல்லை. எனக்குக் கண்ணை மூடவும் நேரமில்லை, அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். அவளுடைய இரண்டு விரல் லிவர் மேல் இருந்தது. கை நெஞ்சுக்கு வரவில்லை. வண்டி ஒரு இம்மியும் கோணவில்லை. நேராக, அழுத்தமாக, இன்னும் அழுத்தமாக. டயர் வாயே திறக்கவில்லை. கார் பம்பருக்கும் எங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முறம் வைக்கலாம்.

காருக்குள்ளிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். புரோக்கர் நெற்றி வியர்வையைத் துடைத்த அதே கையை எங்கள் பக்கம் நீட்டினார்: “பாத்தீங்களா சார், நம்ம ஏரியா லேடீஸ் எவ்ளோ கன்ட்ரோலா ஓட்டறாங்க! ஸ்பீடு பிரேக்கர் செலவே கெடையாது.” கார் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தாட்சாயணி இடது காலை ஊன்றியபடி அசையாமல் இருந்தாள். தலையைத் திருப்பாமலே கேட்டாள்: “டீச்சர், நான் ‘ஓய்’னு மாட்டக் கூப்பிட்டேனா?” இல்லை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றேன். அவள் ஹெல்மெட் மெல்ல ஆடியது. “அப்போ கைதான் நிறுத்திச்சு.”

*

மறுநாள் எட்டுப் போடும்போது அவள் காலை ஊன்றவில்லை. எனக்கு இரண்டு வாரம் கழுத்து வலித்தது, எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். பஸ் நின்ற நாளிலிருந்து ஏ ஷிஃப்டுக்குத் தாட்சாயணிதான் வீட்டில் இருக்கும் ஒரே வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் கணவர் ஏகாம்பரம் நைட் டூட்டிக்கு நடந்தே போய் வருகிறார், அவருக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது.